அத்திமரத்துக்குக் கீழே போகும் குழாய்

அருமைராசாவை அந்தக் கட்டடத்தில் எல்லோரும் ‘கிறீஸ் அண்ணை’ என்றுதான் கூப்பிட்டார்கள். கிரேக்கத் தீவு ஒன்றில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர் என்பதாலா, அல்லது கொதிகலன், கதவுக் கீல், அடைத்த குழாய் என்று எந்நேரமும் கையில் மசகு அப்பியபடி திரிந்ததாலா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. யாழ்ப்பாணத்து நாக்கில் நாடும் மசகும் ஒரே சொல்தான். பெயரை வைத்தவர் ஆனந்தராசா. டாக்சி ஓட்டுகிறவர், இரண்டாம் மாடிக்காரர். அவர் வீட்டில் ஓர் அறையை எடுத்துக்கொண்டுதான் நான் பல்கலைக்கழகத்துக்குப் போய்வந்தேன்.

“ரெண்டுக்கும் பொருந்தும் தம்பி. நாட்டையும் சொல்லலாம், நாத்தத்தையும் சொல்லலாம்” என்றார் ஆனந்தராசா.

அது 2004ஆம் வருடத்து இலையுதிர்காலம். மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில், வைஸ்மன் தெருவில், வெளியே இரும்புப் படி வைத்த பழைய செங்கல் கட்டடம். நான் குடிவந்த வாரமே அருமைராசா கதவைத் தட்டினார். ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான மனிதர்; நல்ல கறுப்பு; பற்கள் மட்டும் விளம்பரத்தில் வருவதுபோல வரிசையாக இருந்தன. கையில் ஒரு பெரிய குப்பைப் பை.

“தம்பி இந்தியாவோ? நல்லது. கக்கூசுக் கூடையை எடுத்துத் தாங்கோ.”

எனக்குப் புரியவில்லை. கழிப்பறையில் மூடியில்லாத பிளாஸ்டிக் கூடை ஒன்று இருந்தது. பழைய சவரக் கத்திகளுக்கு என்று நினைத்திருந்தேன். அப்படியில்லையாம். துடைத்த காகிதத்தைத் தண்ணீரில் போடக் கூடாதாம். கூடையில்தான் போட வேண்டுமாம். வியாழக்கிழமைகளில் அவர் எல்லா வீட்டுக்கும் வந்து எடுத்துக்கொண்டு போவாராம். அடைப்பு வருவதற்குக் காரணமே காகிதம்தானாம்.

“வீட்டுக்காரியின்ரை சட்டம்” என்றார். “நிசியிலையும் இப்பிடித்தான் தம்பி. முழு நிசியும் கூடைதான்.”

நிசியில் என்ன கூடை என்று விழித்தேன். கொஞ்ச நேரம் அவர் ஏதோ இரவைப் பற்றிப் பேசுகிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, கிரேக்க மொழியில் நிசி என்றால் தீவு. தான் இருந்த தீவின் பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. வெறும் நிசிதான். ‘நான் நிசியிலை இருக்கேக்கை’ என்று தொடங்குவார். அழகான சொல்லாக இருந்தது. அவர் கையில் பிடித்திருந்த பை அழகாக இல்லை. நடைவழியிலேயே அதைக் கீழே வைத்து, காற்றை வெளியேற்றுவதற்காக உள்ளங்கையால் இரண்டு அமுக்கு அமுக்கினார். அது விட்ட மூச்சு என் முகத்தில் அடித்தது. அன்றைக்குச் சமைத்து வைத்திருந்த புளிச்சோற்றை நான் சாப்பிடவில்லை.

“நாங்கள் தண்ணி ஆக்கள் அண்ணை. கடதாசியோடை எங்களுக்கென்ன கொடுக்கல் வாங்கல்?” என்று உள்ளேயிருந்து ஆனந்தராசா கத்தினார்.

“ஈரம் துடைக்கிறியள்தானே? அதைப் போடுங்கோ.”

“என்ரை ஈரத்தையும் எண்ணிப் பாக்கிறீரோ காணும்!”

அருமைராசா பல் தெரியச் சிரித்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போனார். அது வீட்டுக்காரியின் வீடு. எவாந்தியா என்று பெயர். கணவர் செத்ததிலிருந்து கறுப்பு உடுப்பைக் கழற்றாத கிழவி. கனடாவுக்கு வந்து எத்தனையோ காலமாகியும் பிரெஞ்சில் ஒரு போன்ழூர், ஆங்கிலத்தில் ‘ஹீட்டிங்’, அவ்வளவுதான். மற்றதெல்லாம் கிரேக்கம். அவர் கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே பிளாஸ்டிக் உறையோடேயே இருக்கும் சோபாவும், சாமிப் படத்துக்கு முன்னால் எரியும் எண்ணெய் விளக்கும் தெரியும். சாம்பிராணி வாசம் வரும். நாங்கள் கதவைத் திறந்தால் மட்டும் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு சொல் சொல்வார்: “வ்ரோமா.”

“நாத்தமாம்” என்று ஆனந்தராசா எனக்குப் பாடம் எடுத்தார். “மீன் பொரிச்சா வ்ரோமா. கருவாடு காய்ச்சினா வ்ரோமா. கதவைத் துறந்தாலே வ்ரோமா. இந்தக் கட்டடத்திலை பிள்ளை பாக்கிற கார்டெரிக்குப் போற குழந்தைப் பிள்ளைக்கும் அந்த ஒரு சொல்லுத் தெரியும்.”

அந்த நாற்றம் பிடிக்காத கிழவியின் கூடையையும் அருமைராசாதான் எடுத்தார். அதற்கென்று தனிப் பை. எங்களுடையதோடு கலக்கக் கூடாதாம்.

நவம்பரில் முதல் உறைபனிக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, என்னை உதவிக்குக் கூப்பிட்டார். கட்டடத்தின் முன்னால், படிக்கும் நடைபாதைக்கும் நடுவே, ஒரு துண்டு மண். அதில் ஓர் அத்திமரம். மொன்றியல் குளிரில் அத்தி எப்படி உயிரோடு இருக்கிறது என்று கேட்டால், புதைத்து வைப்பார்கள். மெய்யாகவே. ஒரு பக்கத்து வேரை மண்வெட்டியால் வெட்டி, மரத்தை மறுபக்கம் சாய்த்து, குழிக்குள் படுக்கவைத்து, பழைய கம்பளம், பலகை, சருகு, மண் என்று மேலே போட்டு மூடிவிடுவார்கள். ஏப்ரலில் தோண்டி நிமிர்த்துவார்கள். பார்க்கச் சவ அடக்கம்தான். கிழவி மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு நின்று, மூன்று தடவை சிலுவை போட்டுக்கொண்டார்.

மண்ணைத் தள்ளிக்கொண்டே அருமைராசா தன் கதையைச் சொன்னார். கப்பல் வேலை என்று ஏஜென்டை நம்பிப் போனவர், கிரேக்கத் துறைமுகம் ஒன்றில் கைவிடப்பட்டு, யாரோ சொன்னதைக் கேட்டு அந்தத் தீவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார். வசந்தத்தில் உருளைக்கிழங்கு கிண்டுவது. மழைக்காலத்தில் சுவர்களுக்கு வெள்ளையடிப்பது. கோடையில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் அறைகளைத் துப்புரவாக்குவது. துப்புரவு என்றால் இந்தக் கூடைதான். அந்தத் தீவில் குழாய்கள் ஒடுக்கம். காகிதம் போனால் அடைத்துவிடும். அதனால் அறைக்கு அறை கூடை. உல்லாசப் பயணிகள் கடலில் குளித்துவிட்டு, வயிறு முட்டத் தின்றுவிட்டுப் போட்ட காகிதத்தை, வெயில் ஏறுவதற்கு முன்னால் இவர் அள்ளிக்கொண்டு போய் எரிக்க வேண்டும்.

“அங்க அந்தக் கடல், வெள்ளை வீடெல்லாம் படத்துல பாத்திருக்கேன்ண்ணே. ரொம்ப அழகா இருக்குமே” என்றேன்.

“ஓம், வடிவுதான். நான் மத்தியானத்துக்குப் பேந்துதான் பாத்தனான். அதுவரைக்கும் புகை.”

மாலையில் அங்கே காப்பிக் கடையில் ஆண்கள் தாயம் உருட்டுவார்களாம். அவருக்குக் கதவோரம் ஒரு கதிரை. யாரும் மேசைக்குக் கூப்பிட்டதில்லை. ஆனால் காப்பியை அனுப்பி வைப்பார்கள். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை. ஒவ்வொரு கோடையிலும் மொன்றியலிலிருந்து ஊருக்கு வந்துபோன எவாந்தியாவின் கணவருக்கு இவரைப் பிடித்துப் போயிற்று. ஒரு கோடையின் முடிவில் ஈரச் சாக்குக்குள் சுற்றிய அத்திக் கொப்பு ஒன்றையும் அருமைராசாவையும் கூட்டிக்கொண்டு விமானம் ஏறிவிட்டார்.

“ஒண்டு பெட்டிக்குள்ளை. மற்றது பெட்டியைத் தூக்கிக்கொண்டு” என்று சிரித்தார். இங்கே வந்து அகதியாகப் பதிந்து, காகிதங்கள் சரிவந்து, கட்டடத்தின் நிலவறையில் கொதிகலனுக்குப் பக்கத்து அறையில் குடியேறினார். வீட்டுக்காரர் சாகும்போது மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனதும் அதுதான்: மரத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், மரம் நிற்கிறவரை அந்த அறை இவனுக்கு.

“மரம் பட்டுப்போச்சுன்னா?” என்று கேட்டேன்.

மண்வெட்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “லாசாலிலை பெறாமகள் இருக்கிறா. போனால், கையைக் கழுவிப்போட்டு வாங்கோ சித்தப்பா எண்டுவா. கழுவிப்போட்டு வந்தா, இன்னொருக்காக் கழுவுங்கோ எண்டுவா.” கம்பளத்தை இழுத்து மரத்தின் மேல் போர்த்தினார்.

மார்ச்சில் பனி உருகத் தொடங்கியபோது நிலவறை பொங்கியது.

நிலவறையில் இவர் அறைக்கு எதிரே யோகராணி இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருடம்தான். கணவர் டொரண்டோவுக்கும் மொன்றியலுக்குமாக லாரி ஓட்டினார். பாதி நாள் வீட்டில் இல்லை. தவழத் தொடங்கியிருந்த ஆண்குழந்தை ஒன்று. நான் துணி துவைக்கப் போன ஒரு காலையில் அவர் நாற்காலிமேல் குழந்தையை வைத்துக்கொண்டு நின்றார். குளியலறைத் தரையின் துவாரத்திலிருந்து சாம்பல் நிறத் தண்ணீர் குமிழியிட்டு வந்து, நடைவழியைக் கடந்து, குழந்தையின் பாய் வரைக்கும் போயிருந்தது. அதில் என்னென்ன மிதந்தது என்று எழுதத்தான் வேண்டும். சோற்றுப் பருக்கை, சோப்பு நுரை, யாருடையதோ நீளத் தலைமயிர், மலம். எங்கள் மலம். ஆனந்தராசாவுடையது, என்னுடையது, பிளாஸ்டிக் சோபாவில் உட்காரும் கிழவியுடையது. மேலே இருக்கிற எல்லோரும் சங்கிலியை இழுத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு மறந்துபோனது இந்தப் பெண்ணின் பாயில் வந்து நின்றது.

“பாத்தியளே தம்பி? இதிலை ஒரு துண்டுக் கடதாசி இருக்கோ பாருங்கோ. ஒரு துண்டு இல்லை” என்றார் யோகராணி.

உண்மைதான். இல்லை.

அருமைராசா மண்டியிட்டுத் துவாரத்துக்குள் கையை முழங்கை வரை விட்டிருந்தார். எதையோ பற்றி இழுத்தார். வழுக்கிக்கொண்டு வந்தது. பழுப்பும் வெள்ளையுமாக, சடை பிடித்த வால் மாதிரி ஒரு கற்றை. நான் எலி என்று நினைத்து விலகினேன். அவர் அதைக் கிள்ளி மூக்கருகே கொண்டுபோனார். முகர்ந்தார். அவர் முகம் மாறியது. என்னைப் பார்த்ததும் அதைச் சட்டென்று பைக்குள் போட்டு முடிந்தார்.

“என்னண்ணே அது?”

“மயிர்” என்றார். “பொம்பிளையள் தலை இழுத்துப் போட்டுத் தண்ணியிலை விடுகினம்.”

அதற்குப் பிறகு பத்து நாளைக்கு ஒருமுறை பொங்கியது. ஒவ்வொரு தடவையும் அவரே வந்து அள்ளினார், பிளீச் ஊற்றித் தேய்த்தார், குழந்தையின் பாயைக்கூடக் கழுவிக் கொடுத்தார். யோகராணிக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் அவரை இழுத்துக்கொண்டு மேலே வந்து கிழவியின் கதவைத் தட்டினார். நான் துணிக்கூடையோடு படியேறிக்கொண்டிருந்தேன், நின்றுவிட்டேன்.

“சொல்லுங்கோ அண்ணை. வெளிக் குழாயைக் கிண்டிப் பாக்கச் சொல்லுங்கோ. பிள்ளை தவழுற இடம் எண்டு சொல்லுங்கோ.”

அருமைராசா தரையைப் பார்த்தபடி கிரேக்கத்தில் ஏதோ சொன்னார். கிழவி முகத்தை மேலே தூக்கி, புருவத்தை உயர்த்தி, சொன்னார்: “ஒஹி. ஒஹி, ஒஹி.” பிறகு யோகராணியின் இடுப்பிலிருந்த குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி, ‘து, து’ என்று திருஷ்டி கழிப்பதுபோலத் துப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

யோகராணியின் முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தியளே, நேரை போய்க் கேட்டா மனுசி செய்யுந்தானே! மூண்டு தரம் ஓக்கே சொன்னது. நீங்கள்தான் பயந்து நிண்டியள் அண்ணை.”

அருமைராசா வாயைத் திறந்தார். மூடினார். “ஆள் வரும்” என்றார்.

ஆள் வரவில்லை. ஏப்ரல் போயிற்று. அத்தியைத் தோண்டி நிமிர்த்தினார்கள், இலை விட்டது. நிலவறை இரண்டு முறை பொங்கியது. “ஓக்கே சொன்னது, ஆள் கிடைக்கேல்லைப் போல” என்று யோகராணி தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு துடைத்தார். நானும் நம்பினேன். மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்கு வயிற்றோட்டம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர், ஆனந்தராசாவின் சமையலறையில் உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்லும்வரை.

“மூண்டு தரம் ஓக்கே சொன்ன மனுசி அண்ணை! கடவுளுக்குப் பொதுவாச் சொல்லுறன், என்ரை காதாலை கேட்டனான்.”

ஆனந்தராசா மீன் பொரித்துக்கொண்டிருந்தார். அகப்பையோடு திரும்பினார். “என்னெண்டு சொன்னது? திருப்பிச் சொல்லு பாப்பம்.”

“ஓக்கே, ஓக்கே எண்டு.”

“தலையை ஆட்டினதோ?”

“மேலை தூக்கினது. இப்பிடி.” செய்து காட்டினார்.

ஆனந்தராசா சிரிக்கத் தொடங்கினார். சிரித்துக்கொண்டே அடுப்பை அணைத்தார். “அடி விசரி! அது ஓக்கே இல்லையடி. ஒஹி! ஒஹி எண்டா மாட்டன் எண்டு அர்த்தம். ஓமெண்டுறதுக்கு அவையள் ‘நே’ எண்டுவினம். என்ரை டாக்சியிலை ஏறுற கிறீக் கிழவியளெல்லாம் சொல்லுறது இதுதான். தலையை மேலை தூக்கினாலும் மாட்டன்தான். அந்த மனுசி உன்ரை முகத்துக்கு நேரை மூண்டு தரம் மாட்டன் எண்டு சொல்லியிருக்கு, நீ போய்க் கும்பிட்டுப்போட்டு வந்திருக்கிறாய்!”

யோகராணி சிரிக்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். “அப்ப, பக்கத்திலை நிண்டவர்?”

சிரிப்பு நின்றுவிட்டது.

நாங்கள் கீழே போனபோது அருமைராசா தன் அறை வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். யோகராணி கத்துவார் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகத்தான் கேட்டார்.

“ஒஹி எண்டா என்ன அண்ணை?”

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். “நான் பொய் சொல்லேல்லைத் தங்கச்சி.”

“ஓம். ஒண்டுமே சொல்லேல்லை.”

“குழாயைக் கிண்டுறதெண்டா…” எழுந்து உள்ளே போய் ஒரு பையைக் கொண்டுவந்து பிரித்தார். சாக்கடையிலிருந்து இழுத்த அந்தச் சடைகள், காய்ந்து, கட்டுக்கட்டாக. “மணந்து பாருங்கோ. அத்திப்பால் மணம் இன்னும் நிக்குது. மரத்தின்ரை வேர்தான் குழாய்க்குள்ளை போயிருக்கு. கிண்டினால் மரம் போகும். மரம் போனா நான் போகோணும்.”

“அப்ப கடதாசி?” என்றார் ஆனந்தராசா. “இவ்வளவு காலமும் வீடுவீடா அள்ளின கடதாசி? அதாலை அடைப்பு வரேல்லையே?”

அருமைராசா சடைகளைத் திரும்பப் பைக்குள் போட்டார். பிறகு, “இஞ்சை பெரிய குழாய்தான். அதுக்குக் கடதாசி ஒண்டும் செய்யாது” என்றார். “மனுசிக்கு அந்தப் பழக்கம். எனக்கும் அந்தப் பழக்கம்.”

ஆனந்தராசா சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. இவ்வளவு நாளும் நாங்கள் ஒவ்வொருவரும் காகிதத்தை மடித்துக் கூடையில் போட்டுக்கொண்டு, ஒரு கிழவியும் இவரும் விட்டுவந்த தீவில் குடியிருந்திருக்கிறோம்.

“என்ரை பிள்ளை பீயிலை தவழோணுமோ உங்கடை மரத்துக்கு?” என்றார் யோகராணி.

குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

“நாளைக்குக் காலமை நான் றெஜிக்குப் போறன். அவை வீட்டுக்காரியைக் கூப்பிட்டு விசாரிக்கட்டும்.” வாடகை வழக்குகளைத் தீர்க்கும் அலுவலகத்தை எங்கள் தெருவில் றெஜி என்பார்கள்.

“ஒரு நாள் தாங்கோ தங்கச்சி. நான் கதைக்கிறன்.”

“நீங்கள் என்ன கதைக்கிறியள் எண்டு ஆருக்குத் தெரியும்? தம்பி, நீங்களும் கூடப் போங்கோ. பாசை தெரியாட்டிலும் முகம் தெரியுந்தானே.”

மறுநாள் பல்கலைக்கழகத்துக்குப் போகாமல் அருமைராசாவோடு போனேன். கிழவி எங்களை வாசலிலேயே நிறுத்தினார். அருமைராசா கையை உதறி உதறிப் பேசினார். ‘றெஜி’ என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது, கிழவிக்கும் புரிந்தது. ஒஹி என்றார். இவர் வேர்க்கட்டைக் காட்டினார். ஒஹி. கைக்குட்டை மூக்குக்குப் போயிற்று. பிறகு இவர் இரண்டு கைகளையும் வட்டமாக வளைத்து, பீப்பாய் மாதிரி ஒன்றைக் காற்றில் வரைந்தார். அதற்குள் மரத்தை நட்டார். பீப்பாயைக் கட்டிப்பிடித்துப் படியிறங்கினார். கீழே, நிலவறையை, தன் அறை இருக்கும் பக்கத்தைச் சுட்டினார். மறுபடி தன் நெஞ்சைத் தொட்டார். இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துத் தூங்குவதுபோலக் காட்டினார்.

கிழவி கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். அழத் தொடங்கினார். பிறகு சொன்னார்: “நே.”

இரண்டு கையாலும் அருமைராசாவின் முகத்தைப் பிடித்து, “மாவ்ரே மு, மாவ்ரே மு” என்று கொஞ்சினார். அவர் ஐம்பது வயதுக் கழுத்தை நாய்க்குட்டி மாதிரி நீட்டிக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

படியில் இறங்கும்போது கேட்டேன். “என்னமோ சொன்னாங்களேண்ணே, மாவ்ரேன்னு?”

“என்ரை கறுவல் எண்டு” என்றார் சந்தோஷமாக. “நிசி முழுக்க அதுதான் என்ரை பேர். அருமைராசா எண்டு ஒருத்தருக்கும் வாயிலை வராது. பாசமாத்தான் கூப்பிடுறவை.”

யாரோ என் முகத்தைப் பிடித்துக் கொஞ்சிவிட்டதுபோல இருந்தது. மேலே போனதும் சோப்புப் போட்டு முகம் கழுவினேன்.

ஜூன் தொடக்கத்தில் ஜான்-டலோன் சந்தையிலிருந்து ஆனந்தராசாவின் டாக்சியில் ஒரு நீல பிளாஸ்டிக் பீப்பாய் வந்து இறங்கியது. ஒலிவ் காய் ஊறப்போட்ட பீப்பாய்; உப்பு வாடை போகும்வரை அருமைராசா அதைத் தெருவில் வைத்துக் கழுவினார். மரத்தின் கொப்புகளைப் பாதிக்குமேல் வெட்டினார். வெட்டிய இடமெல்லாம் பால் வடிந்து அவர் கையில் பட்டுத் தடித்து, சிவந்து, கொப்புளம் போட்டது. சொறிந்துகொண்டே தோண்டினார். வேரோடு மரத்தைத் தூக்கிப் பீப்பாய்க்குள் இறக்கியபோது கிழவி மேலே ஜன்னலில் நின்று சிலுவை போட்டுக்கொண்டார்.

பிறகு குழாய்க்காரன் வந்தான். கெபெக்காரன், பெரிய வயிறு. மண் குழாயை உடைத்து உள்ளே கொக்கியை விட்டு இழுத்தான். இழுக்க இழுக்க வந்துகொண்டேயிருந்தது. ஆள் உயரத்துக்கு, தொடைப் பருமனில், மலம் அப்பிய ஒரே வேர்ச்சடை. நடைபாதையில் அதைப் போட்டதும் பொத்தென்று சத்தம் கேட்டது. “தபர்நாக்!” என்று திட்டிவிட்டு இரண்டடி தள்ளிப் போய் நின்றான். ஆனந்தராசா சட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “கிறீஸ் அண்ணை, உங்கடை ராசாத்தியைப் பாத்தியளே, எங்கடையைத் திண்டு எப்பிடிக் கொழுத்திருக்கிறாள் எண்டு!” என்றார். தெருவே சிரித்தது. அருமைராசாவும் சிரித்தார். அவருக்குப் பீப்பாயில் இருந்த மரத்தின் மேல்தான் கண். அதன் இலைகள் ஒவ்வொன்றாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

புதுக்குழாய் போட்டு மூடினார்கள். அதன் பிறகு நிலவறையில் ஒரு சொட்டுப் பொங்கவில்லை. யோகராணியின் குழந்தை அந்தத் தரையிலேயே எழுந்து நடக்கப் பழகியது. அவர் தன் வீட்டுக் கூடையை வெளிப்படியில் கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டு, “இனி ஒருத்தரும் வந்து கேக்கக் கூடாது” என்றார். ஆனந்தராசாவும் எறிந்தார். ஆனாலும் வியாழக்கிழமையானால் கறுப்புப் பையோடு கதவு தட்டப்பட்டது.

“அதுதான் குழாய் சரியாச்சே அண்ணே!”

“சட்டம் சட்டந்தானே தம்பி. மனுசி இன்னும் நடக்குதெண்டு நினைச்சுக்கொண்டிருக்கட்டும்.” வெறும் பையோடு எதிர்வீட்டுக்குப் போவார். அங்கே மட்டும் கூடை நிறைந்திருந்தது.

ஜூலைக்குள் மரம் மொட்டையாகிவிட்டது. அவர் தினமும் நகத்தால் பட்டையைச் சுரண்டி, உள்ளே பச்சை இருக்கிறதா என்று பார்ப்பார். ஆகஸ்டில் ஒரு காலை என் கதவைத் தட்டி, கீழே கூட்டிக்கொண்டு போய், கணுவில் சுண்டுவிரல் நகமளவு முளைத்திருந்த இலையைக் காட்டினார். என் கையைப் பிடித்துக்கொண்டார். கொப்புளங்கள் உடைந்து ஆறாத கை. இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை.

நவம்பர் வந்தது. இந்த முறை குழி தோண்டவில்லை. பீப்பாய்க்குக் கயிறு கட்டி நானும் ஆனந்தராசாவும் அருமைராசாவும் படிப்படியாக நிலவறைக்கு இறக்கினோம். வெளியே இருந்தால் வேர் உறைந்து மரம் செத்துவிடும். உள்ளே மற்ற இடங்களில் சூடு அதிகம், அத்திக்குத் தூக்கம் கலைந்துவிடும். உறையாமலும் வேகாமலும் இருக்கிற ஒரே இடம், கொதிகலனுக்குப் பக்கத்தில் இருந்தும் சூட்டுக் குழாய் வராத அவர் அறைதான். அதைத்தான் அன்றைக்குக் காற்றில் வரைந்து காட்டியிருக்கிறார். அறை சிறியது. கட்டில் இருந்த இடத்தில்தான் பீப்பாய் நின்றது. கட்டிலைப் பிரித்துக் கொதிகலனுக்குப் பின்னால் சாத்தினார். பீப்பாய்க்கும் சுவருக்கும் இடையில் மெத்தையை மடித்துப் போட்டால் ஒரு ஆள் ஒருக்களித்துப் படுக்கலாம்.

“எப்பிடி அண்ணை உதுக்குள்ளை படுப்பியள்?” என்றார் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்த யோகராணி. கோபமெல்லாம் எப்போதோ போய்விட்டிருந்தது. இப்போது அருவருப்பும் இரக்கமும் கலந்து கேட்டார்.

“காலை மடக்கினாச் சரி. அறை என்னட்டைத்தானே இருக்கு.” பல் முழுக்கத் தெரிந்தது.

அப்போது படியில் சத்தம் கேட்டது. கிழவி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக. அந்த நிலவறைக்கு அவர் வந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அருமைராசா ஓடிப்போய் விளக்கைப் போட்டார், மெத்தையைக் காலால் தள்ளி மறைத்தார். கிழவி வாசல் வரைக்கும் வந்தார். உள்ளே வரவில்லை. பீப்பாயைப் பார்த்தார், மரத்தின் மொட்டைக் கொப்பைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அறையைப் பார்த்தார்: மசகுத் துணிகள், மண்ணெண்ணெய் மணம், ஒரு தேநீர்க் கோப்பை, வியாழக்கிழமைப் பை. கைக்குட்டை மூக்குக்குப் போயிற்று.

“வ்ரோமா” என்றார். திரும்பிப் படியேறத் தொடங்கினார்.

நாங்கள் நான்கு பேரும் நின்றோம். ஆனந்தராசாவின் உதடு எதையோ சொல்லத் துடித்தது. யோகராணி அவரை ஒரு பார்வை பார்த்தார்.

அருமைராசா எங்கள் பக்கம் திரும்பினார். அதே சிரிப்பு.

“நல்ல துப்புரவா வச்சிருக்கிறன் எண்டு சொல்லுறா” என்றார்.

“ஓம் அண்ணை” என்றார் யோகராணி.